ஏழு வீடுகளில் ஏழு ஆணிகள்

செங்கற்பட்டு வட்டாட்சியர் அலுவலகத்துப் பழைய கோப்பு ஒன்றில், என் கையெழுத்தில் ஒரு பொய்யான வாக்கியம் இருக்கிறது. கரையான் அரித்திராவிட்டால் இன்றும் இருக்கும். பொய்யென்று அறிந்தேதான் அதை எழுதினேன். அவ்வாக்கியத்தால் ஒரு மாணவி கல்லூரியில் படித்தாள். ஏழு பெண்கள் இல்லாதவர்கள் ஆனார்கள். கோப்பைத் திருத்தும் உரிமை எனக்கில்லை. எழுபத்தெட்டு வயதைக் கடந்துவிட்ட நிலையில், உண்மை வேறு எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கற்பட்டில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பிழை பொறுக்காதவன் என்று இளம் வயதிலேயே பெயரெடுத்திருந்தமையால், உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்பும் பொறுப்பை முதல்வர் எனக்கு அளித்திருந்தார். செய்யுளுக்கு உரை காண்பவன்போல ஒவ்வொரு படிவத்தையும் சொல் சொல்லாகப் படிப்பேன். தகவல் எங்கேனும் மாறுபட்டால் சிவப்பு மையால் கோடிட்டு, மேசை இழுப்பறையில் தனியே வைத்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு செருக்கும் இருந்தது.

அவ்வாண்டு புகுமுக வகுப்பில் ஒரு மாணவி சேர்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் செல்லும் வழியிலுள்ள ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்று ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருந்தாள். விடுதிக்கான படிவத்தில் வேறொரு பெண்ணின் பெயர். உதவித்தொகைப் படிவத்தில் மூன்றாவதாக இன்னொரு பெயர். முகவரிகளும் மூன்று. தந்தையின் பெயர் மூன்றிலும் ஒன்றாக இருந்தது; ஆனால் அவருடைய கையொப்பம் ஒன்றிலும் இல்லை.

அவளை அழைத்துவரச் செய்து, மூன்று தாள்களையும் மேசைமேல் பரப்பினேன்.

“இவற்றுள் எது அம்மா உன் வீடு?”

“மூணுமே சார்.”

“ஒருத்திக்கு மூன்று வீடுகள் எப்படி இருக்கும்?”

அவள் சற்றே யோசித்தாள். “மொத்தம் ஏழு கீது சார்” என்றாள்.

என்னைக் கேலி செய்கிறாள் என்றே கொண்டேன். அவள் முகத்தில் கேலி இல்லை என்பதைக் காணும் பொறுமை அன்று எனக்கு இருக்கவில்லை. ‘முரண்பட்ட தகவல், விசாரணைக்குரியது’ என்று சிவப்பு மையால் எழுதி, விண்ணப்பத்தை இழுப்பறைக்குள் வைத்தேன். உதவித்தொகை உறுதியானால்தான் விடுதியில் இடம். அதுவரை அவள் நாள்தோறும் குப்பத்திலிருந்து மாமல்லபுரம் வரை நடந்துவந்து, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து போனாள். இரண்டு முறை துறை அறையின் வாயிலில் வந்து நின்றாள். இரண்டு முறையும், “விசாரணையில் இருக்கிறது” என்ற விடையையே பெற்றுத் திரும்பினாள்.

விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதானால் எழுத்துமூலமான விசாரணை அறிக்கை வேண்டும் என்றார் முதல்வர். மூன்று வாரங்கள் கழிந்து, கடைசி நாளுக்கு ஒன்பது நாள்களே எஞ்சியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் அக்குப்பத்துக்குப் புறப்பட்டேன். பொய்யை நிறுவுவதற்காகவே சென்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கி, கற்றச்சர்களின் உளியோசை பின்தங்கும்வரை மணலில் தெற்கு நோக்கி நடந்தேன். குப்பத்தில் பெண்கள் சிலர் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் கண்ணாடியும் கையில் குடையுமாக ஒருவன் வந்து பெண்ணொருத்தியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் வேறென்ன நினைப்பார்கள்?

“அடியே, நம்ம பொண்ணுக்கு மாப்ள வந்துகீறாருடி!” என்று ஒருத்தி கூவினாள்.

“இன்னாடி, இந்த வயசுலயே தலை நரைச்சிகீது?”

“நரைச்சா இன்னா, கொடை வச்சிகீறாரே!”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. வயதில் மூத்த ஓர் அம்மையார் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். “படிப்புக்கு இன்னாவது ஆயிடுச்சா சார்?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த அச்சத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

உதவித்தொகைப் படிவத்தில் கண்ட பெயர் அவருடையதுதான். தம் வீட்டுக்குள் அழைத்துச் சென்றார். வலைகளும் துடுப்பும் கூடைகளும் அடைத்துக்கிடந்த சிறு குடிசை. சுவர்க்கழியில் ஓர் ஆணி. அதில் புத்தகப் பை ஒன்று தொங்கியது. “இதான் அவ எடம்” என்றார்.

பிறகு சேர்க்கைப் படிவத்தில் கண்ட வீட்டுக்குச் சென்றோம். அங்கும் அதே உயரத்தில் ஓர் ஆணி. கால் வைக்க இடமில்லாத அந்தக் குடிசையில், அந்த ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

“இதில் ஒன்றும் மாட்டுவதில்லையா?” என்றேன்.

“எப்படி சார் மாட்டறது?” என்றாள் அவ்வீட்டுக்காரி. “அவ மொற வரும்போது பைய எங்க மாட்டுவா?”

அதன்பின் மூத்த அம்மையார் எல்லாவற்றையும் சொன்னார். அப்பெண்ணின் தாய் இறந்தபோது அவளுக்கு வயது பதினொன்று. மறு ஆண்டே தந்தை வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போய், அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் இருந்த குடிசை அடுத்த புயலில் போயிற்று. தாயோடு சேர்ந்து மீன் விற்கப் போய்வந்த ஏழு பெண்கள் தங்களுக்குள் ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள்: ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிவரை ஒரு வீடு.

“பௌர்ணமி எதற்கு?”

“நெலா வெளிச்சத்துல மீனு வலைய கண்டுக்கும் சார். ஆம்பளைங்க கடலுக்குப் போகாம வூட்ல கெடப்பாங்க. அவ பொட்டிய வூடு மாத்தி தூக்கறதுக்கு ஆளு வாணாமா?”

அன்று மாலை வீட்டுக்கு வந்து நாள்காட்டியை எடுத்தேன். கையோடு கொண்டுசென்றிருந்த மூன்று படிவங்களிலும் அவள் கையெழுத்திட்ட நாள்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பௌர்ணமி. படிவத்தை நிரப்பிய நாளில் எந்த வீட்டில் இருந்தாளோ அந்த வீட்டையே எழுதியிருந்தாள். நான் அவ்வாண்டு சரிபார்த்த தாள்களுள் இவ்வளவு உண்மையானது வேறொன்றும் இருந்திருக்காது. அதன்மேல்தான் என் சிவப்பு மை கிடந்தது.

மறுநாளே வருமானச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகம் சென்றோம். மூத்தவரை மட்டுமே வரச் சொல்லியிருந்தேன். எழுவரும் வந்துவிட்டார்கள், அன்றைய விற்பனையை விட்டுவிட்டு. மாணவியும் உடன் இருந்தாள். விசாரித்த அலுவலர் கெட்டவர் அல்லர். விதியை வரி பிசகாமல் பார்ப்பவர். நேற்றுவரை நானும் அவரைப் போன்றவனே.

“தகப்பன் இருக்கானா?”

“கீறான். எங்கியோ” என்றார் மூத்தவர்.

“அப்போ அவன் கையெழுத்து வேணும்.”

“அவன் கையெழுத்து போட்றவனா இருந்தா நாங்க இன்னாத்துக்கு சாமி இங்க வர்றோம்?”

“சரி. இவளுக்குக் கார்டியன் யாரு? ஒருத்தர் பேரைச் சொல்லுங்க.”

ஏழு கைகள் உயர்ந்தன. அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஏழு பேரையும் எழுதினா ஏழு பேர் வருமானத்தையும் கூட்டணும். கூட்டினா இவ பணக்காரி ஆயிடுவா. உதவித்தொகை கிடையாது” என்றார். ஒருத்தி வாய்பொத்திச் சிரித்தாள். “நாங்க பணக்காரங்களாம்டி!”

ஒருத்தி பெயரை மட்டும் எழுதினாலும் தகப்பன் கையொப்பமின்றிச் செல்லாது என்றவர், பிறகு என் பக்கம் திரும்பி வேறொரு வழியைக் கூறினார். ‘ஆதரவற்றவர்’ என்று சான்று வழங்கலாம். அதற்கு, அரசு அறிந்த பொறுப்பானவர் ஒருவர் எழுதித்தர வேண்டும். விரிவுரையாளரான நான் எழுதித்தந்தால் போதும். வாசகத்தையும் அவரே சொன்னார்: ‘இவரைப் பேணுவார் எவரும் இலர்.’

அதன் பொருளை நான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னபோது எழுவரும் ஒருசேரக் கொதித்தார்கள்.

“யாரும் இல்லியா? அப்போ நாங்க யாரு?”

“அஞ்சு வருசமா சோறு போட்டவ பொணமா?”

மாணவி என் அருகே வந்தாள். “வேணாம் சார். அப்படி எழுதித்தான் படிக்கணும்னா நான் படிக்கல” என்றாள். வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியே போகத் திரும்பினாள். என் கையில் வெற்றுத்தாள் இருந்தது.

மூத்தவர்தாம் அவள் கையைப் பற்றி நிறுத்தினார். “சும்மா நில்லுடி, பெரிய இவளாட்டம். காயிதத்துல நாங்க இல்லன்னா வூட்ல சோறு வேவாதா? ஆணி வுழுந்துடுமா?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “எழுதிக்க சார். நாங்க இல்லன்னே எழுதிக்க. அவ படிக்கறதுக்குன்னா இல்லாம போறதுக்கும் நாங்க கீறோம்.”

நான் எழுதினேன். என் வாழ்நாளில் அத்தனை அழகாகவும் பிழையின்றியும் வேறெந்த வாக்கியத்தையும் எழுதியதாக நினைவில்லை. அலுவலர் தலைகுனிந்தபடியே முத்திரையிட்டார்.

வெளியே வேப்பமர நிழலுக்கு வந்ததும் மூத்தவர் கேட்டார். “ஆயிடுச்சா சார்? சர்க்காருக்கு நாங்க இல்லியா?”

“ஆயிற்று அம்மா” என்றேன்.

“சரி வாங்கடி, இல்லாதவங்கல்லாம் டீ குடிக்கப் போலாம்.”

எழுவரும் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்தார்கள். மாணவி சிரிக்கவில்லை. நானும்தான்.

கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆயினும் நான் வீணாக்கிய மூன்று வாரங்களால் முதற்பட்டியலில் இடம்பெறாமல் இரண்டாம் பட்டியலில்தான் வந்தது. விடுதியில் அவளுக்கு இடம் கிடைத்தபோது இறுதித்தேர்வு நெருங்கியிருந்தது. அதுவரை அவள் பேருந்திலேயே வந்துபோன நாள்களுக்கு நான் மட்டுமே காரணம். அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. பட்டப்படிப்பை முடிக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் சான்றைப் புதுப்பிக்க என்னிடம் வருவாள். நானும் அதே வாக்கியத்தை மீண்டும் எழுதித்தருவேன். ஒவ்வொரு முறையும், எழுதி முடிக்கும்வரை அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அதன்பின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கையில் நான் சிவப்பு மையைத் தொடவில்லை. தகவல் முரண்பட்டால், எழுதியவரை எதிரே உட்காரவைத்துக் கேட்டேன்.

நெடுங்காலத்துக்கு முந்தைய நிகழ்ச்சி இது. நான் சென்ற வீடுகளின் வரிசை மாறியிருக்கலாம். அன்று பேசியவர்களின் சொற்கள் என் நினைவில் சற்றே உருமாறியிருக்கலாம். அக்கடற்கரையைச் சேர்ந்தவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பிழை கண்ட இடங்களைத் தயங்காமல் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். முதலில் திருத்த வேண்டியதை நானே திருத்திவிடுகிறேன்: அவளைப் பேணுவார் ஏழு பேர் இருந்தனர்.