சனிக்கிழமை எண்ணெயும் பச்சை ஜீப்பும்

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். எது எதில் கரையும், எது எதோடு ஒட்டாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கூத்தும் முடிந்தபிறகு சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

என் பொழுதுபோக்கு பிளாஸ்டிக் மாடல் கார்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும். கதவு தனி, கூரை தனி, சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஸ்டியரிங் தனி. வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு வண்டி கிடைக்கும். எங்கள் ஊர் போடியில் அதைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"சார், இது ஓடுமா?"

ஓடாது என்றதும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஏலக்காய்க் கடையில் கழித்துப்போட்ட காயைப் பார்க்கிற பார்வை அது.

என் மனைவியின் அண்ணன் ஓடுகிற வண்டி வைத்திருந்தவர். விடியற்காலையில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுகளுக்குப் போவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். போன வருசம் முதுகுத்தண்டில் கோளாறு வந்தது. இனிமேல் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியைத் தேவாரத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டார். அதற்கப்புறம் மச்சான் ஜீப்பு ஸ்டாண்டு இருக்கிற தெருவுக்கே போவதில்லை. கூட ஓட்டினவர்கள் பார்க்க வந்தால், தூங்குகிறவரைப்போல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

என் மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஆயுத பூசைக்கு அண்ணன் என்னத்தக் கழுவும்? எதுக்குப் பொட்டு வைக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள். "இத்தன வருசமா காரு காருன்னு ஒட்டிக்கிட்டு இருக்கீங்கள்ல. அந்த வண்டியச் செஞ்சு குடுங்க. ஒரு தடவையாச்சும் உருப்படியா ஒரு சோலி பாத்த மாதிரி இருக்கும்."

இதென்ன பெரிய விசயம் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஜீப்பு மாடல் வரவழைத்தேன். மச்சான் வீட்டு ஹாலில், மாலை போட்ட ஜீப்போடு அவர் நிற்கிற போட்டோ ஒன்று உண்டு. அதைப் பார்த்து அந்தப் பச்சையைக் கலந்தேன். ஸ்பிரே அடித்த அன்றைக்குப் பார்த்து மழை. காலையில் எடுத்துப் பார்த்தால் கூரை முழுக்க வெள்ளையாக ஒரு மங்கல். காற்றில் ஈரம் இருந்தால் காய்கிற பெயின்ட் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். வெயில் வருகிறவரை பொறுத்திருந்து, மேலே இன்னொரு தடவை மெல்லிசாக அடித்தால் போதும். அதுவும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் செய்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

எனக்கு மலைமேல் இருக்கிற ஸ்டோர் ஞாபகம் வந்தது. ஏலக்காயை வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்துப்போகும். அதற்காக எஸ்டேட்டில் ஸ்டோர் என்று ஓர் அறை கட்டியிருப்பார்கள். அடுப்பு வெளியே எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே ஓடும். தட்டுத் தட்டாகப் பரப்பின காய் பச்சை மாறாமல் காயும். பச்சைக் காய் நிறம் போகாமல் காய்கிற இடத்தில், ஈரம் பிடித்த பச்சை ஜீப்பு காயாதா? இப்படியொரு யோசனை மதுரைக்காரனுக்கோ சென்னைக்காரனுக்கோ வந்திருக்காது. போடிக்காரன் என்பதால் எனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் மெட்டு ஏறினேன். தெரிந்த எஸ்டேட்டு. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கதவைத் திறந்துவிட்டார். வெரசாகக் காயட்டும் என்று குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே அரசியல் பேசி முடித்துத் திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சாரே, வண்டி உறங்கிப்போச்சு."

உண்மைதான். கூரை உள்வாங்கி சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்பக்கம் தொங்கி, அழப்போகிற பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. சூடுபட்டால் பிளாஸ்டிக் இளகும் என்று நான் பாடம் நடத்தி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வண்டியில் ஏலக்காய் வாசம் மட்டும் நன்றாக ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதை மோந்து பார்த்தாள்.

"பாயாசத்துல போட்றலாமா?"

இரண்டாவது பெட்டிக்கு ஆர்டர் போட்டேன்.

இந்தத் தடவை வெயில் பார்த்துத்தான் அடித்தேன். மங்கல் இல்லை. ஆனால் புதிதாக ஒரு வியாதி. பெயின்ட் அங்கங்கே விலகிக்கொண்டு, குட்டிக் குட்டி வட்டமாகக் குழி விழுந்தது. அம்மைத் தழும்பு மாதிரி பானட்டில் நாலு, கதவில் ரெண்டு. தேய்த்து எடுத்துவிட்டு மறு சனிக்கிழமை அடித்தேன். மறுபடியும் குழி. பெயின்டில் கலக்கிற தின்னரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். பெயின்ட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மாடலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சமையல் புகைதான் காரணம் என்று சொல்லி, வீட்டில் அப்பளம் பொரிக்கக்கூடத் தடை போட்டேன். ஆயுத பூசையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அடித்த பெயின்டை எடுத்து எடுத்துக் கதவே மெலிந்துவிட்டது. அவசரத்தில் சக்கரத்துக்குப் பசையை அதிகமாக வைத்து, நாலும் சுற்றாமல் இறுகிப்போனது வேறு. ஓடாத வண்டிக்குச் சக்கரம் சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஜீப்பை முன்னால் வைத்துக்கொண்டு தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பளத் தடையில் கடுப்பாக இருந்த என் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

"காலையில நல்லெண்ணெ தேச்சுக் குளிச்சீங்களா?"

"ஆமா. சனிக்கெழமைல்ல."

"இப்ப என்ன பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

"யோசிக்கல. மண்டையச் சொறியிறீங்க. சொறிஞ்ச கையோட வண்டியத் தடவுறீங்க. மறுபடி சொறியிறீங்க."

என் கையைப் பார்த்தேன். விரல் நுனி ஐந்தும் மினுமினுத்தது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காமல் விலகும். நான் பெயின்ட் அடித்ததெல்லாம் சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறதும் அதே சனிக்கிழமை. குழி விழ விழ நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழி விழுந்தது. இத்தனை நாளும் அந்த ஜீப்பைக் கெடுத்தது என் சிந்தனைதான்!

அவளே ஒரு துண்டை எடுத்து என் தலையில் இறுக்கிக் கட்டினாள். சீயக்காய் போட்டு என் கையைக் கழுவவைத்தாள். ஜீப்பையும் இன்னொரு தடவை கழுவி, அவள் எதிரிலேயே அடித்தேன். தலைக்குக் கை போகும்போதெல்லாம் "ம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். யோசிப்பதை நிறுத்தியதும் பெயின்ட் கண்ணாடிபோல் படிந்தது.

ஆயுத பூசை அன்று மச்சான் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் ஜீப்பை வைத்தோம். அவர் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, ஈரம் சொட்டச் சொட்ட பானட்டின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார். என் உயிர் போய்த் திரும்பியது. அந்தக் கறை போகாது.

சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, சட்டைப்பையில் கைவிட்டு ஓர் ஏலக்காயை எடுத்தார். முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

"மாப்ளே, இது ஓடுமா?"

எத்தனையோ பேருக்கு ஓடாது என்று சொன்னவன்தான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒற்றை விரலால் வண்டியைத் தள்ளினார். சக்கரம் சுற்றவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். வண்டி அப்படியே இழுபட்டு ஏலக்காய் மேல் ஏறி அதை நசுக்கிக்கொண்டு நின்றது. பசையை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிரேக்கு நல்லாப் புடிக்குது மாப்ளே," என்றார். "மெட்டுல எறங்குறப்ப இப்பிடித்தான் இருக்கணும்."

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் மச்சான் நின்றார். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஜீப்பு. கூட வா என்றார். எங்கே என்று கேட்காமல் போனேன். நின்று நின்று நடந்து, ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நின்ற ஒரு ஜீப்பின் பானட்டில் அதை எடுத்து வைத்தார். டிரைவர்கள் சுற்றிக் கூடினார்கள். அதில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, இது ஓடுமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஓடுனது போதும்டா," என்றார் மச்சான். "நிறுத்தி வச்சிருக்கேன்."