குப்பைமேட்டு ஐயா

குடுமியான்மலைக்கு மேற்கே பெரியண்ணன் என்றொருவர் இருந்தார். சாமி, பேய் எதையும் நம்பாத மனுசர். அவருக்குத்தான் இது நடந்தது. வேறு யாருக்கு நடக்கும்?

முப்பத்தாறாம் வருஷம் சமஸ்தானத்து விவசாய அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். கடலைத்தோல், வைக்கோல், சாணிக்கரைசல் என்று அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைத்தால் கம்போஸ்டு எரு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் காதில் வாங்கியது பெரியண்ணன் ஒருவர்தான். அவருடைய செம்மண் காட்டில் கடலை போட்டால் போட்ட விதைகூடத் திரும்பி வராது. "ஆடிக்குப் போடுற கடலை வெளையலேன்னா சிலோன் தேயிலைக் காடுதான் நமக்கு" என்று மனைவி காத்தாயியிடம் சொல்லிவிட்டு, களத்துமேட்டில் ஆளுயரத்துக்குக் குப்பையை அடுக்கினார்.

மார்கழிப் பனியில் ஒருநாள் குப்பையிலிருந்து ஆவி கிளம்பியது. மட்கும் குப்பை சூடேறத்தான் செய்யும். அதைப் பார்த்த பக்கத்துக்காட்டு அழகம்மாள் தீயில்லாமல் புகை வருகிறதே என்று விழுந்து கும்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் குப்பைமேட்டுக்கு மஞ்சள்துணி கட்டி, ஐயா என்று பேரும் வைத்தாகிவிட்டது. "அது சாணி, ஆத்தா" என்று பெரியண்ணன் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார். "கண்ணு அவிஞ்சு போகும், கன்னத்துல போட்டுக்கங்க" என்றாள் அவள்.

மஞ்சள்தண்ணீர், இளநீர், சேவல் ரத்தம் எல்லாம் குப்பைக்குள் போயின. குப்பை இன்னும் சூடேறியது. சூடு ஏற ஏற ஊருக்குப் பக்தி ஏறியது. மண்வெட்டியோடு போன பெரியண்ணனை அடிக்க வந்தார்கள்.

ஆடி பிறந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் பூசை நடக்கும்போது மனுசர் தானே சாமியாடினார். வாழ்நாளில் ஆடாத ஆட்டம்.

"நான் பெரியண்ணன் காட்டுலதான் குடியிருப்பேன். என்னையக் கூடையில அள்ளி, காடு பூராம் பரப்புங்கடா."

ஊரே மேளம் தட்டி எருவைச் சுமந்தது. ஒரு கைப்பிடி சிந்தவில்லை, அள்ளுகூலியும் கிடையாது. பெரியண்ணன் வேப்பிலையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் ஏர் பூட்டிக்கொண்டு போனால், காட்டைச் சுற்றி முள்வேலி. ஊருக்குத் தலைமையான அம்பலம் பழனிச்சாமி நடுவில் நின்றார்.

"ஐயா காடு பூராம் குடியிருக்காரு. அவரு மேல ஏரு ஓட்டுவியாக்கும்?"

பெரியண்ணன் அங்கேயே மறுபடி ஆடினார். உழச்சொல்லி உத்தரவு போட்டார்.

"நேத்து வந்தது ஐயா. இது கள்ளு" என்று பழனிச்சாமி அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த வருஷம் காட்டில் அருகும் கோரையும் இடுப்பளவு வளர்ந்தன. அப்படியொரு பச்சையை அந்தச் செம்மண் கண்டதே இல்லை. சிலோனுக்கு மூட்டை கட்டும்போது காத்தாயி வேலியோரம் நின்று அதைப் பார்த்தாள்.

"ஆடுனதுதான் ஆடுனீங்க. வெதைச்சுக்கன்னும் ஒரு வார்த்தை சேத்து ஆடியிருக்கப்படாதா?"