போனியாத்தோ மேட்டை முதுகால் ஏறியவள்

சர்க்கரை ஆலையில் பத்தொன்பது வருஷம் கடைசல் பிடித்தவள் ஸோய்லா. ஆலையை மூடியதும், அப்பா விட்டுப்போன 1951 செவ்ரோலே காரை எடுத்துக்கொண்டு சந்தியாகோ நகரிலிருந்து போனியாத்தோ மேட்டுக்கு ஆள் ஏற்றி ஓட்டத் தொடங்கினாள். அந்தத் தடத்தில் பதினோரு கார்கள். ஓட்டுவது பத்து மீசையும் இவளும்.

மார்ச் மாதம் கியர்பாக்ஸ் பல் கொட்டிப்போனது. அந்த வயதில் யாருக்குத்தான் கொட்டாது? ஆனால் வெள்ளிக்கிழமை வருடச் சோதனை. ஆறு பேரோடு நிற்காமல் மேடேறியாக வேண்டும். தவறினால் அந்தத் தடத்தில் ஓட்டும் உரிமை போய்விடும். அந்த இடத்துக்குத் தன் மச்சானைத் தயாராக வைத்திருந்தான் அந்தப் பத்து மீசையில் ஒருவனான ஃபெர்மின்.

"வீட்ல உக்காந்து வாழைக்காய் வறுக்கலாமே, மகாராணி," என்றான்.

"வறுத்துட்டுத்தான் வந்திருக்கேன். உன் வாய அடைக்க எத்தனை வேணும்?"

உடைந்த ரஷ்ய ஜீப் ஒன்றின் நாலு கியர் உள்ள பெட்டி கிடைத்தது. செவ்ரோலே எஞ்சினோடு அது ஒட்டவில்லை. பழைய கொதிகலன் மூடியைக் கடைந்து நடுவில் தட்டு வைத்தாள். கியர்க் கம்பிக்காகத் தரையில் ஓட்டை போட்டாள். ஷாஃப்ட் நேராக வராததால் பின் ஆக்ஸிலைக் குப்புறத் திருப்பி மாட்டினாள். அங்கேதான் வினை.

வியாழன் மாலை முதல் கியர் போட்டாள். கார் பின்னால் போய், பக்கத்து வீட்டுக்காரியான என் கோழிக்கூண்டில் மோதி நின்றது. இரண்டாவதில் இன்னும் வேகமாகப் பின்னால். ஆக்ஸில் புரண்டதில் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. பின்னுக்கு நாலு கியர். முன்னுக்கு ரிவர்ஸ் மட்டும், ஆமை வேகம். அதில் மேடேறினால் பாதியில் எஞ்சின் கொதித்துவிடும். திருப்பி மாட்ட இரண்டு நாள் வேண்டும்.

"தேதி தள்ளிக் கேளேன்டி," என்றேன்.

"கேட்டா ஃபெர்மின் சிரிப்பான். நாளைக்கு நீயும் ஏறி உக்காருக்கா, ஆறு பேர் வேணும்."

காலையில் மேட்டுக்கு முதுகைக் காட்டிக் காரை நிறுத்தினாள். சோதனை அதிகாரி பௌதிலியோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா, வண்டி திரும்பி நிக்குது?"

"மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு உங்க தாள்ல போட்டிருக்கா, சார்?"

தாளை இரண்டு பக்கமும் படித்தார். "இல்லையே," என்று முனகிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார்.

கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவள் ஏறியதை ஊரே பார்த்தது. மூன்றாவது கியரில் ஒரு பேருந்தைத் தாண்டினோம். தாண்டியபின் அதன் ஓட்டுநரும் நாங்களும் முகத்துக்கு முகம். அவர் தொப்பியைக் கழற்றினார், நாங்கள் கையசைத்தோம். வளைவில் ஒரு ஆடு எங்களைப் பார்த்துவிட்டுத் தானும் பின்னோக்கி நடக்கத் தொடங்கியது; வேண்டுமானால் நம்புங்கள். அவள் மட்டும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உச்சியில் பௌதிலியோ கையெழுத்துப் போட்டார்.

இறங்க அந்த ஒற்றை முன் கியரே சரி. அவள் விழுவதைப் பார்க்க வந்திருந்த ஃபெர்மின், எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். விடாமல் ஹாரன் அடித்தான்.

"வழி விடு, எனக்கு வேலை இருக்கு!"

ஸோய்லா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"முன்னால போக ஒரே கியர்தான் இருக்கு, ராசா. பொறுமையா வா."

சாலையின் நடுவை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை.