டவர் லைனுக்குக் கீழே ஒரு வீடு

மின்சாரத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் கம்பிக்குக் கீழே எது நடந்தாலும் நிறுத்திக் கேட்க லைன்மேன்தான் அகப்படுவான். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், பூந்தமல்லிப் பக்கம் உயர் அழுத்த லைனைப் பார்வையிட்டு நடப்பது என் வேலை.

கடிக்கும் கொடி

காட்டுப்பாக்கத்தில் லைனுக்கு நேர் கீழே ஓர் ஓலை வீடு. ரோசம்மா என்ற பெண் வழிமறித்தாள். துணி காயப்போடும் கொடிக்கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறதாம். மேலே ஓடும் மின்சாரம் தொடாமலே கீழ்க் கம்பியிலும் கொஞ்சம் ஏறும் என்று சொல்லி, கம்பியை அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டிக்கொடுத்தேன். அவள் நகரவில்லை. வயிற்றில் மூன்று மாதம். மூத்தவனுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. அவனைச் சுமந்தபோதும் இதே வீடுதான்.

"கம்பிய அவுத்துட்டீங்கண்ணே. வயித்துக்குள்ள கீற புள்ளைக்கு இன்னாத்த அவுப்பீங்க?"

இன்ஜினீயர் சொன்னது

கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை லைன் மின்சாரம் ஏதாவது செய்யுமா என்று எங்கள் இன்ஜினீயரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தொட்டா சாவான்னு படிச்சிருக்கேன். தொடாம பத்து மாசம் பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்லித்தரலய்யா."

இரண்டாவது பிரசவம்

அடுத்த முறை போனபோது வீட்டில் சண்டை. செம்பரம்பாக்கத்தில் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்கிறாள் ரோசம்மா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சரி. இரண்டாவதற்கு, அதுவும் இத்தனை சீக்கிரம் போனால், கட்டியவன் சோறு போடவில்லை என்றுதான் ஊர் பேசும். அவள் புருஷன் மரியதாஸ் ஆவடியில் ஃபாக்டரி வேலைக்குப் போகிறவன். அவனுக்கு அதுதான் அவமானம்.

"ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். பையன் பேசாததற்கு லைன்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு நைனா" என்றான் அவன். அதுவும் தெரியாது என்றேன்.

மரியதாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உன் சம்சாரம் முழுகாம இருந்தா இந்த ஊட்ல வெப்பியா?"

எனக்கு வார்த்தை வரவில்லை. அவன் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கெளம்பு ரோசா. சிரிக்கிறவன் சிரிச்சிகினு கெடக்கட்டும்."

என் சர்வீஸில் வாய் ஓயாமல் சொன்ன எச்சரிக்கைகள் எத்தனையோ. ஒருவர் அப்படியே கேட்டு நடந்தது நான் வாய் திறக்காத அன்றுதான்.