இரண்டாம் பக்கம் கேட்காமல் கொடுத்த கேசட்

இன்று தண்டையார்பேட்டையில் தாஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் போலவே பழைய வானொலி நிகழ்ச்சிகள் பதிந்த கேசட்டுகளைப் பிறரோடு மாற்றிக்கொண்டு சேர்ப்பவன். என்னிடம் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அவனிடம் மூன்று. வயிறு எரிந்தது.

"இத்த கேளு மாமு" என்று ஒன்றைப் போட்டான்.

நேயர் விருப்பம். அறிவிப்பாளர் வாசித்த பெயர்களின் நடுவே, "திருவொற்றியூர் முனுசாமி."

என் அப்பா.

போன மாதம் நான் தாஸுக்கு மாற்றிக் கொடுத்த கேசட்தான் அது. முதல் பக்கம் வெறும் இரைச்சல் என்று, இரண்டாம் பக்கத்தைக் கேட்காமலே தள்ளிவிட்டிருந்தேன்.

"ஒரு காப்பியாவது போட்டுக் குடு தாஸு."

"காப்பி குடுத்தா மவுசு பூடும் மாமு. ரெண்டு நாடகம் கொண்டா, கேசட்டையே எடுத்துக்கினு போ."

யாரிடமாவது பழைய வானொலி நாடகம் இரண்டு இருந்தால் சொல்லுங்கள். அப்பாவை மீட்க வேண்டும்.