ரோடு இல்லாத அழகான ஊர்

வாடகைக் கார் ஓட்டும் தொழிலில் ஓட்டுவது சுலபம். எங்கே போகலாம் என்று பின் சீட்டிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆளைத் தின்னும். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டோரம், ஆசிரமங்களுக்கும் காபிக் கடைகளுக்கும் நடுவே வண்டியைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கோயிலையும் கிரிவலத்தையும் முடித்தவர்களுக்கு எப்படியும் ஒரு நாள் மீந்துவிடும். அந்த நாளைக் கழிக்க மலையோரமாக, போட்டோவில் நன்றாக விழுகிற மாதிரி ஒரு கிராமம் கேட்பார்கள். பொறுக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. சொந்தக் குடும்பத்தைக் காரில் ஏற்றி, "நீங்களே ஒரு நல்ல இடமா சொல்லுங்க" என்ற பேச்சை நம்பி இடம் சொல்லி, திரும்பி வரும் வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட உங்களுக்கு என் பாடு புரியும்.

சாமி மலையும் டூர் மலையும்

சென்னையிலிருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். மலை தெரிகிற கிராமம் வேண்டும் என்றார்கள். தூரம் போகச் சோம்பல் பட்டு, அடி அண்ணாமலைப் பக்கமாகவே ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தினேன். முன்னால் நெல், நடுவில் கிணறு, பின்னால் முழு மலை. இதைவிட என்ன வேண்டும்?

இறங்கினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஏறிவிட்டார்கள். மகள் கையில் எடுத்த போனை அம்மா பிடுங்கிப் பைக்குள் வைத்துவிட்டார். ஏன் மேடம், பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "இது சாமி மலைங்க. இதுக்கு முதுகு காட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்க முடியுமா? எங்களுக்கு டூர் மலையா ஒண்ணு காட்டுங்க," என்றார்.

முன்னேறிவிட்ட ஊர்

டூர் மலை என்றால் எங்களுக்கு ஜவ்வாது மலைதான். போளூர் வழியாகப் போய் மலை ஏறினால் சரிவு சரிவாக ஊர்கள். அதில் ஒன்றுக்கு, ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவியை அழைத்துப் போனேன். அவர்கள் கேட்டது இவ்வளவுதான். ஓட்டு வீடு இருக்க வேண்டும், கான்கிரீட் தார்சு வீடு கூடாது. மாடு இருக்க வேண்டும், சாணி வாசம் கூடாது. செல்போன் டவர் கண்ணில் படக்கூடாது, சிக்னல் மட்டும் முழுசாக இருக்க வேண்டும்.

எங்கள் நேரம், அன்று அந்த ஊரில் காதுகுத்து. வளைவு வளைவாக ஃபிளெக்ஸ், ஸ்பீக்கர் செட். விசேஷத்தை முன்னிட்டு வீடுகளுக்கெல்லாம் கிளிப்பச்சையும் ரோஸும் அடித்து வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தார்கள். இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது கணவர் பெருமூச்சு விட்டார். "ஊரு நல்லாத்தான் இருக்கு. ஊர்க்காரங்கதான் கொஞ்சம் ஜாஸ்தி முன்னேறிட்டாங்க."

சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தவர்கள்

இப்படி ஒவ்வொரு ஊராகக் கழித்துக் கட்டிக்கொண்டே போனதில் கிடைத்ததுதான் ஈச்சங்கொல்லை. தார் ரோடு ஒரு புளியமரத்தடியில் முடிந்துவிடும். அதற்கு மேல் மண்பாதை, பாறை, ஓடை. மூச்சு வாங்க ஏறினால் ஓட்டு வீடுகளும் சாமை வயலும். டவர் இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை, பெயின்ட் இல்லை. பெயின்ட் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஏற யாருக்கும் தெம்பில்லை. பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள்.

அங்கே மாது என்ற ஒருவனும் அவன் மனைவி சாந்தியும் நான் கூட்டிப்போகிறவர்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போடுவார்கள். சாந்தி அப்போது முழுகாமல் இருந்தாள். அவர்களுடைய முதல் குழந்தை, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி இறங்கும் வழியில், அந்தப் பாதையிலேயே பிறந்து அங்கேயே செத்துப் போனது. இந்தப் பிரசவத்துக்குள் ரோடு வந்தாக வேண்டும் என்பதைத் தவிர மாதுவுக்கு வேறு நினைப்பே கிடையாது.

அவனுக்குத் தெரிந்து, பேன்ட் போட்டுக்கொண்டு காரில் வந்து அந்தப் பாதையைப் போட்டோ எடுத்தவர்கள் ரோடு ஆபீஸ்காரர்கள் மட்டுமே. அதனால் நான் கூட்டிப்போன கூட்டத்தையும் ஆபீசர்கள் என்றே முடிவு கட்டிவிட்டான். மழை அறுத்த பள்ளம், வழுக்குப் பாறை, ஓடை எல்லாவற்றையும் "இதையும் எடுங்க சார்" என்று காட்டினான். அவர்களும் ஆசை ஆசையாக எடுத்தார்கள். இவர்கள் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. வேலை மெனக்கெட்டு இந்தப் பாதையைப் பார்க்க எவன் வருவான் என்று கேட்டான். வண்டி கிளம்பும்போது என் ஜன்னலோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னான்: "போன தடவை வந்த ஆபீசருங்க சிரிக்கவே இல்லணா. இவங்க சிரிச்சிக்கினே எடுத்தாங்க. இந்த தடவை நடந்துடும்."

பக்கவாட்டில் கால்

ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் பல வருஷமாகத் தங்கியிருக்கும் வெளிநாட்டு அம்மா ஒருவர். தமிழ் தெரியும். ஈச்சங்கொல்லைப் பாதையில் பாறைக்குப் பாறை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். மேலே வந்ததும் நாலா பக்கமும் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு மாதுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோடு வேண்டாம். ரோடு வந்தால் இந்த அமைதி போய்விடும்," என்றார். மாதுவுக்கு முகம் செத்துவிட்டது. இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருப்பவர் பெரிய ஆபீசராகத்தான் இருப்பார் என்று நினைத்திருந்தான்.

 ஆசிரமத்துப் பக்கம் இவர் தெரு குண்டும் குழியுமாக இருக்கிறது என்று ஆட்டோக்காரரிடம் தினமும் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இறங்கும்போது அவருக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. சாந்தி தன் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் அவரைப் பிடித்துப் பாதிப் பாதைவரை கொண்டுவந்து விட்டாள். "பாத்துமா, பக்கவாட்டுல காலை வச்சி எறங்குங்க. எங்களுக்கே இங்க வழுக்கும்," என்றாள்.

மனுவுக்கு ஒரு படம்

ஒரு திங்கட்கிழமை மாதுவை வேங்கிக்காலுக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க அழைத்துப் போனேன். மனுவோடு பாதையின் போட்டோ இருந்தால் நல்லது என்று வெளியே ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துத் தருகிறவர் சொன்னார். போட்டோவுக்கா பஞ்சம்? வாடிக்கையாளர்கள் எனக்கு அனுப்பிய படங்கள் போன் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன்.

பள்ளம் இருந்த இடத்தில் வெயில் தங்கமாகக் கொட்டியது. வழுக்குப் பாறைமேல் ஒரு பெண் கையை விரித்து நின்றாள். ஓடை பால் மாதிரி வழிந்தது. மாது போனை வாங்கி, இது எந்த ஊர் என்று என்னையே கேட்டான். டைப் அடிக்கிறவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத வச்சி குடுத்தா ரோடு வராதுங்க. ரிசார்ட்டுதான் வரும்."

மழையில் ஒரு கல்யாண ஜோடி

புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி, கூட ஒரு போட்டோகிராபர். மழையும் பனியும் சேர்ந்தாற்போல் வேண்டும் என்று நாள் பார்த்து வந்தார்கள். அவர்கள் பாதையோரம் நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கத்தல் கேட்டது. மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். உள்ளே சாந்தி. நாள் நெருங்குவதற்குள் கீழே வந்துவிடலாம் என்று இருந்தவளுக்கு முன்னதாகவே வலி கண்டுவிட்டது. மாது முன்னால் நடந்து, முதல் குழந்தை பிறந்த அந்த இடம் வந்ததும் நிற்காமல், அழுதுகொண்டே எல்லோரையும் விரட்டினான்.

நான் கேட்பதற்கு முன்பே மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்து பிடித்தார். பெண் தன் பட்டுப்புடவைக்கு மேல் போட்டிருந்த சால்வையை எடுத்துச் சாந்திமேல் போர்த்தினாள். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். சாயங்காலம் நான் திரும்பிப் போனபோது, காரை விட்டுக்கொடுத்த மூவரும் புளியமரத்தடியில் நனைந்து நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். போட்டோகிராபரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு கேமராவை என்னிடம் காட்டினார். "அந்தத் தூளியும் பனியும் அப்படி விழுந்திருக்குணா. கல்யாண ஆல்பத்துல வைக்க முடியாது, அதான் கஷ்டமா இருக்கு."

யாரும் ஆபீசர் இல்லை

சாந்தி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போளூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ரோடு வந்தால்தான் மேலே ஏறுவேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாது மாட்டையும் சாமையையும் விட்டுவிட்டு வர முடியாமல் மேலே தனியாகக் கிடந்தான். சந்தைக்கு இறங்கும் நாளில் மட்டும் மகளைப் பார்ப்பான். அதற்குப் பிறகு வருகிறவர்களை அவன் விடுவதே இல்லை. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் காலிலேயே விழுந்துவிட்டான். அவர் பயந்துபோய், இனி இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

புளியமரத்தடியில் மாதுவை உட்கார வைத்துப் பேசினேன். வந்தவர்கள் எல்லாம் ஊர் சுற்ற வந்தவர்கள், ஒருவர்கூட ஆபீசர் இல்லை, இவர்களிடம் ரோட்டைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை, வந்தால் நல்ல இடமாகக் காட்டி அனுப்பு என்றேன். அவர்கள் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த படங்களையும், அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் வைத்திருந்த இதயங்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். கடைசியில் நம்பினான். "அப்ப இத்தினி நாளா நான் பேசினதெல்லாம் சும்மாவாணா?"

மஞ்சள் கேமரா

சில மாதம் கழித்து, சந்தை நாளில், போளூரிலிருந்து போன் செய்தான். குரலில் அப்படி ஒரு குஷி. நான் இல்லாமலே என் பார்ட்டி ஒன்று ஈச்சங்கொல்லைக்கு வந்துவிட்டுப் போனதாம். நான் யாரையும் அனுப்பவில்லையே என்றேன். ஜீப்பில் வந்தார்களாம். பெரிய கேமராவாம், மஞ்சள் நிறமாம், மூன்று காலில் நிற்குமாம். ஒருத்தர் அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்க, இன்னொருத்தர் தூரத்தில் கோடு போட்ட குச்சியைப் பிடித்து நின்றாராம். ஒருத்தரும் சிரிக்கவில்லையாம்.

அது கேமரா இல்லை, ரோடு போட அளவு எடுக்கிற கருவி. வண்டியை ஓரம் கட்டினேன். அவர்கள் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதையில் பார்க்க ஒன்றும் இல்லை என்று அவர்களைப் பாறைப் பக்கம் கூட்டிப்போய் வ்யூ காட்டியிருக்கிறான். சாமைச் சோறு போட்டிருக்கிறான். சாப்பிடும்போது அவர்கள் கேட்டிருக்கிறார்கள், ரோடு இல்லாமல் கஷ்டமாக இல்லையா என்று. மாது பெருமையாகச் சொன்னான்: "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பேசினேணா. ஒரு கஷ்டமும் இல்ல சார், காத்து நல்லா இருக்குன்னு சொன்னேன்."

போளூரில்

மறுநாளே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். பார்த்தாயிற்று, எழுதியாயிற்று, ஊரில் யாரும் ரோடு கேட்கவில்லை, கேட்கிற ஊர்கள் வரிசையில் நிற்கின்றன என்றார்கள். மறுபடி மனு கொடுங்கள், முறை வரும்போது பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மாதுவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

சாந்தியிடம் சொல்லலாம் என்று போளூர் போனேன். வாசலில் உட்கார்ந்து மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். சாந்தி குழந்தையின் வாயைத் துடைத்தாள். ரோடு வந்ததும் ஈச்சங்கொல்லைக்குப் போவதற்காக மூலையில் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை ஒருமுறை பார்த்தாள். "அவருகிட்ட சொல்லிடாதீங்கணா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நல்லா பேசிட்டோம்னு சந்தோஷமா இருக்காரு, பாவம்," என்றாள்.

இன்றைக்கும் செங்கம் ரோட்டில் யாராவது வண்டியில் ஏறி உட்கார்ந்து, மலையோரமாக ரோடே இல்லாத அழகான ஊர் ஒன்று இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது சார், இனிமேலும் அப்படியேதான் இருக்கும் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது.