ஊருக்குப் போன முடி

என் மகனை இந்த நாட்டில் பார்க்கிறவர்கள் பெண்பிள்ளை என்றே நினைத்தார்கள். ஒன்றரை வயது தாண்டியும் அவன் தலையில் கத்தி படவில்லை. முடி கழுத்தைத் தாண்டித் தோளில் விழுந்து கிடந்தது. ஐப்பசி மாதம் ஒரு காலையில் அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸில், எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா உட்கார்ந்திருந்தார். என் மனைவி செலம்பாயியின் மடியில் நின்ற பிள்ளையைப் பார்த்து, "ஷா, லஸ்ஸன தூவெக்!" என்றார். அழகான மகள் என்று அர்த்தம். பிறகு தன் பையிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒன்றை எடுத்து, தலைமுடியை அள்ளிச் சேர்த்து உச்சியில் பூவாகக் கட்டிவிட்டார். மகன் என்பதற்குச் சிங்களத்தில் 'புத்தா' என்ற ஒரு சொல் போதும். அது எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அந்நிய முகத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். செலம்பாயி முழங்கையால் இடித்தாள்.

"பையன்னு சொல்லுங்களேன்."

"ஆசையா கட்டுறாங்க. இருக்கட்டும் விடு."

"சரிதான். மூக்கு ஒன்னுதான் குத்தல ஒங்க மகளுக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது, இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டுப் போட்டிருந்த பிரசாவுரிமை மனுவின் விசாரணைக்கு.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதல் முடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வயிற்றிலிருந்து கொண்டுவந்த முடி குலசாமிக்கு உரியது. சாமி முன்னால் இறக்கும் வரை அதைத் தொடக்கூடாது. நான் பத்து வயதில், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மலைக்கு வந்தவன். இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. தகப்பனார் செத்தபோது ஒரு தடவை போய் வந்ததோடு சரி. துறையூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்தில் எனக்குச் சரியாக நினைவிருப்பது கொஞ்சம்தான். அதில் ஒன்று, என் தங்கைக்குக் குலசாமி கருப்பன் கோயிலில் முடியிறக்கியது. மொட்டைத் தலையில் அப்பிய சந்தனம் கண்மூடித் திறப்பதற்குள் வெயிலில் காய்ந்து, களிமண் தரை மாதிரி வெடித்தது. அவ்வளவு வெயில். எனக்கும் செலம்பாயிக்கும் முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று பிறந்தபோதே போனது, மற்றது ஆறாம் நாள். மூன்றாவது தரித்தபோது, முதல் முடி உனக்குத்தான், உன் வாசலுக்கே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று கருப்பனிடம் நேர்ந்துகொண்டேன். பிள்ளை தங்கினான். கருப்பையா என்று பேர் வைத்தோம்.

செலம்பாயி அந்தக் கோயிலைப் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை. அவள் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அவளுடைய பகல் முழுவதும் மலைக்குச் சொந்தம். விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, தேத்தண்ணி வைத்து, தூங்குகிற பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுவாள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்று திரும்பி வர வேண்டியதுதான். போகிற வழியில் பிள்ளை மடுவத்தில் அவனை இறக்கிவிடுவாள். கொழுந்தெடுக்கிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்ளும் தகரக் கொட்டகை அது. பார்த்துக்கொள்ள ஆயாம்மா ஒருத்தி உண்டு. பத்து மணிக்குச் செலம்பாயி ஒரு தரம் பால் கொடுக்க இறங்கி ஓடி வருவாள், மறுபடி ஏறுவாள். கூடையோடு ஏறி இறங்கும் அந்த ஓட்டத்தில்தான் பிள்ளை வளர்ந்தான். முதல் பல் முளைத்ததை ஆயாம்மா சொல்லித்தான் அறிந்தாள். பால் மறக்கவைக்க, டிஸ்பென்சரியில் கொடுத்த கசக்கும் கொயினா வில்லையை நுணுக்கி மார்பில் தடவிக்கொண்டாள். அவன் வாயை வைத்துவிட்டு, ஏமாற்றிவிட்டாய் என்பதுபோல் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அழவில்லை. அவள்தான் அழுதாள். புரட்டாசியில் ஒரு நாள் நான் வேலை செய்யும் தேயிலை ஸ்டோருக்கே மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். "புள்ள நடந்துருச்சுங்க! மடுவத்துக் கதவுலேருந்து என் கூடை வரைக்கும் நாலு அடி, என் கண்ணால பாத்தேன்" என்றாள். அதைச் சொல்ல அரை மைல் இறங்கி வந்திருந்தாள்.

ஆனால் இந்த ஊர் ஐப்பசியில் எதுவும் காயாது. பகலில் பாதி நேரம் மழை. மழை விட்டால் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். பிள்ளையின் முடி எப்போதும் ஈரமாகவே இருந்தது. சாயங்காலம் அவள் அடுப்பு முன்னால் அவனை மடியில் குப்புறப் போட்டு, விரல்களால் முடியைக் கோதிக் கோதிச் சூட்டில் உலர்த்துவாள். சாம்பிராணி போடுவாள். காலையில் மறுபடி ஈரம். இருமல் பிடித்தது, விடவில்லை. டிஸ்பென்சர் ஐயா நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து குடுத்து என்ன புண்ணியம்? ஈரத்தைத் தலையில சுமந்துகிட்டுல்ல திரியுது புள்ள. மொதல்ல முடிய வெட்டுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் செலம்பாயி கேட்டாள்.

"சாமிக்குத் தெரியாதாங்க இங்க பனின்னு? நம்ம தோட்டத்து மாரியம்மா கோயில்லயே எறக்கிருவமே."

"மாரியம்மாளுக்கா நேந்துகிட்டோம்? கருப்பன்கிட்ட சொன்ன வாக்கு."

"அந்த ஊரு எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்?"

"பிரசாவுரிமை மட்டும் வரட்டும். பாஸ்போட் எடுத்து, பத்து நாளுல போயிட்டுத் திரும்பிடலாம். அது இல்லாம போனா மறுபடி உள்ள விடமாட்டான்."

அவள் இருமுகிற பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லயத்துப் பெண்கள் ஏன் இப்படி வளர்க்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல என்றாள். "சாமிக்கு நேந்த முடி, ஊருக்குப் போய்த்தான் எறக்கணும்னு சொல்லு. யாரு கேட்டாலும் அதையே சொல்லு" என்றேன். பாடம் மாதிரி மனதில் வைத்துக்கொண்டாள்.

விசாரணை நடந்த அரசாங்கக் கந்தோரில் வாங்குப் பலகையில் மத்தியானம் வரை காத்திருந்தோம். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு சிங்களத் துரை. பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், துரையின் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சைத் துரைக்கும் மாற்றிச் சொல்ல. எப்போது வந்தாய், எந்தத் தோட்டத்தில் வேலை, இந்தியாவில் வீடு உண்டா, நிலம் உண்டா என்று கேட்டார்கள். நான் வாரக்கணக்கில் சொல்லிப் பார்த்துப் பழகியிருந்ததால் தடுமாறாமல் பதில் சொன்னேன். வீடில்லை, நிலமில்லை, சாகிற வரைக்கும் இங்கேதான். துரை தலையாட்டி எழுதினார். முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது கருப்பையா அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, யாரையும் பிடிக்காமல், சிமெந்துத் தரையில் தத்தித் தத்தி நடந்து மேசையின் ஓரத்தைப் பிடித்தான். அவ்வளவு தூரம் அவன் அதுவரை நடந்ததில்லை. செலம்பாயி இடத்தையும் மறந்து கை தட்டிவிட்டாள். துரையும் சிரித்தார். உச்சியில் ஆடிய சிவப்பு ரிப்பனைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் புரட்டினார்.

யாழ்ப்பாணத்து ஐயா கேட்டார். "இதிலை மகன் எண்டு கிடக்கு. இது பொம்பிளைப் பிள்ளையெல்லோ?"

"பையந்தாங்க ஐயா" என்றாள் செலம்பாயி. "பஸ்ஸுல ஒரு அம்மா ரிப்பன் கட்டிவிட்டாங்க."

"அப்ப ஏன் இவ்வளவு முடி வளர்த்து வைச்சிருக்கிறியள்?"

"சாமிக்கு நேந்த முடிங்க. ஊருக்குப் போய்த்தான் எறக்கணும்."

"எந்த ஊர்?"

"இந்தியாவுலங்க. தொறையூருக்குப் பக்கம். இவுங்க குலசாமி கோயிலு."

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். பிள்ளை நடந்த சந்தோஷம் குரலில் இருந்தது. யாழ்ப்பாணத்து ஐயா உடனே மாற்றிச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீர் ஏதும் சொல்லுறீரோ?" என்று கேட்டார். எனக்கு வாய்ப்புக் கொடுக்கிறார் என்று புரிந்தது. பத்து நாள்தான், போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவோம், அது சாமி காரியம், குடிபோகிற காரியமில்லை என்று சொல்ல வேண்டும். எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. துரையின் பேனா காத்திருந்தது. "இல்லீங்க" என்றேன்.

ஐயா துரைக்கு மாற்றிச் சொன்னார். துரை எழுதினார். நீளமாக எழுதினார். போகும்போது பிள்ளையின் கையில் ஒரு துண்டுப் பென்சிலைக் கொடுத்து அனுப்பினார், நல்ல மனிதர்தான். பஸ்ஸில் செலம்பாயி, "நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். "இல்ல, எல்லாம் சரியாத்தான் சொன்ன" என்றேன். அது உண்மை. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சொல்லிக்கொடுத்தது. ரிப்பனை நான் அவிழ்த்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

பலருக்கு வருஷக்கணக்கில் வராத பதில் எங்களுக்கு ஆறு வாரத்தில் வந்தது. கார்த்திகை மழையில் நனைந்த உறை. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் படித்துச் சொன்னார். விண்ணப்பதாரருக்கு இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் நோக்கம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. எனக்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே கடிதம். செலம்பாயி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"நான் எங்கங்க போறேன்? தலவாக்கலைக்கு அந்தப் பக்கமே நான் போனதில்லையே" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. தோட்டத்து நாவிதரைக் கூட்டிவரச் சொன்னாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடியெடுப்பது வழக்கம். அவள் அண்ணன் தூரத்துத் தோட்டத்தில் இருந்தார். "யாரு மடியிலம்மா?" என்று நாவிதர் கேட்டதற்கு, "என் மடிதான். எதுதான் முறையா நடக்குது?" என்று கால்களை நீட்டி உட்கார்ந்தாள். முடி கற்றை கற்றையாக விழுந்தது. ஈரமாக இருந்தது. ஒரு இழை விடாமல் பொறுக்கி, அடுப்புக்கு மேலே நாலு நாள் வைத்து உலர்த்தி, மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். "நாமதான் போக முடியாது. இது போகட்டும்" என்றாள். ஊரிலிருக்கும் என் அண்ணன் பேருக்கு அதை அனுப்பப் போனபோது, தபால் கந்தோரில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். முடி என்றேன். என்ன பெறுமதி என்று கேட்டார்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். பெறுமதி இல்லை என்று கவுண்டரில் இருந்தவரே எழுதி முத்திரை குத்தினார்.

இருமல் பத்தே நாளில் நின்றது. அதுவும் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பிள்ளை அடிக்கடி உச்சந்தலையைத் தடவித் தடவி எதையோ தேடினான். அதுவரை ஒவ்வொரு சொல்லாகப் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு சாயங்காலம் அடுப்பு முன்னால் இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டான். "முடி எங்க?" என்றான். இந்த முறை செலம்பாயி கை தட்டவில்லை. அவன் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு, "ஊருக்குப் போயிருக்கு சாமி" என்றாள்.

தை பிறந்து ஊரிலிருந்து என் அண்ணனுடைய கடிதம் வந்தது. பூசாரி முடியை வாங்க மறுத்துவிட்டாராம். தலை வராமல் முடி மட்டும் வந்தால் அது காணிக்கை ஆகாது, பிள்ளையை அழைத்து வரச் சொல் என்றாராம். தூக்கிப் போடவும் மனமில்லாமல், அண்ணன் அந்த மஞ்சள் முடிப்பைத் தன் வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நீங்கள் வருகிற வரைக்கும் இங்கே இருக்கும், எப்போது வருகிறீர்கள் என்று முடித்திருக்கிறார். கடிதத்தை நான் செலம்பாயிக்குப் படித்துக் காட்டினேன். போனால் திரும்ப முடியாது என்பது அவளுக்கும் தெரியும். பிள்ளையின் தலையில் இப்போது விரற்கடை அளவு புது முடி வளர்ந்திருக்கிறது. அதில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "இந்த முடிய எந்த சாமிக்குங்க வளக்குறது?"

சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வந்து இங்கே கிடக்கிறவர்களுக்கும் தெரிந்தால் எழுதுங்கள். மத்தியான பஸ் கீழ் வளைவில் முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டதும் கருப்பையா வாசலுக்கு ஓடுகிறான். இப்போது நன்றாக ஓடுகிறான். படியில் நின்று, ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு, பனிக்குள் பஸ் வந்து, நின்று, போகிற வரைக்கும் பார்க்கிறான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "முடி வரல" என்கிறான்.